வேலையை விட்டால்தான் வித்தை வருமா?

யூடியூபில் நாலு வீடியோ போட்டு, அவற்றுள் ஒன்று எப்படியோ லட்சம் பேர் கண்ணில் பட்டு, அந்தப் பரவசத்தில் உறக்கம் கெட்ட இளைஞன் ஒருவன், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் தவறாமல் வந்து விழும் சம்பளத்தையும் அதைத் தரும் உத்தியோகத்தையும் விட்டுவிடலாமா என்று யோசனை கேட்டால், இன்று அவனுக்குக் கிடைக்கும் உபதேசம் பெரும்பாலும் ஒரே ரகமானது. ‘ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைத்திருந்தால் உருப்பட மாட்டாய், முழு மூச்சாக இறங்கு, பிறத்தியானுக்கு உழைத்து அவனைப் பணக்காரனாக்கியது போதும்’ என்பதே அது. சர்க்கார் உத்தியோகத்தை மாப்பிள்ளையின் லட்சணங்களுள் முதலாவதாக வைத்துப் பேசிய இதே சமூகத்தில், ஒரு தலைமுறை கழிவதற்குள், மாதச் சம்பளம் என்பது கோழைகளின் அடைக்கலம் என்னும் அபிப்பிராயம் இத்தனை வேகமாகப் பரவியிருப்பது வியப்புக்குரியது. அந்த அபிப்பிராயம் தவறு என்பது என் கட்சி. அதற்காக, பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் ‘வேண்டாமப்பா’வை நான் திரும்பச் சொல்ல வரவில்லை. வீடியோ எடுப்பதும் ஒரு தொழிலா என்ற ஏளனம் அவர்கள் பதிலில் கலந்திருக்கிறது. எனக்கு அந்த ஏளனம் கிடையாது. செம்மையாக எடுக்கப்பட்ட ஒரு வீடியோவுக்கு, நல்ல கட்டுரை ஒன்றுக்குரிய மதிப்பை அளிக்க நான் தயார். அந்த வித்தை வளர வேண்டும் என்ற அக்கறையினாலேயே, அதற்கு உத்தியோகத்தைப் பலி கொடுத்தாக வேண்டும் என்ற சித்தாந்தத்தை மறுக்கிறேன்.

இந்தச் சித்தாந்தம் நம் காதில் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். வேலையை உதறிவிட்டு வந்து வெற்றி கண்டவர் ஒருவர், காமிராவின் முன் அமர்ந்து, ராஜிநாமாக் கடிதம் கொடுத்த நாளின் பதற்றத்தையும் வீட்டாரின் கண்ணீரையும் விவரித்து, முடிவில் யூடியூப் தந்த வெள்ளிப் பட்டனையோ தங்கப் பட்டனையோ எடுத்துக் காட்டுகிறார். ‘நான் ஏன் வேலையை விட்டேன்’ என்னும் அந்த வீடியோ அவருடைய சரக்குகளுள் மிக நன்றாக விலைபோவது. அதைப் பார்ப்பவர்களோ பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் உத்தியோகஸ்தர்கள். அவர்களுடைய மனத்தாங்கலே அவருக்கு வருமானம். அதே துணிவோடு, அதே மாதிரிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றிரண்டு வருஷம் சேமிப்பைக் கரைத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, கடைசியில் முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறு காரியாலயத்தில் சேர்ந்தவர் தம் கதையை அநேகமாக வீடியோவாக எடுப்பதில்லை. எடுத்தாலும் அதைப் பார்ப்பார் இல்லை. இடையில் விழுந்த பள்ளத்தை அடுத்த நேர்முகத் தேர்வில் எப்படி விளக்குவது என்பதே அவர் கவலை. ஆக, நம் முன் வந்து சாட்சி சொல்கிறவர்கள் அனைவரும் ஒரே கட்சிக்காரரின் சாட்சிகள். மறுதரப்புச் சாட்சிகள் கோர்ட்டுப் படியே ஏறாத வழக்கில் தீர்ப்பு எவ்வாறு இருக்கும்? இதில் இன்னொரு வகையாரும் உண்டு. அவர்கள் வீடியோ எடுத்துப் பிழைப்பவர்கள் என்பதைவிட, வீடியோ எடுத்துப் பிழைப்பது எப்படி என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்திப் பிழைப்பவர்கள் என்பது பொருந்தும். வேலையில் இருப்பவன் தானே தடவித் தடவி மெதுவாகக் கற்றுக்கொள்வான். வேலையை விட்டவன் அவசரத்தில் வகுப்பில் சேருவான். அவர்களுடைய உபதேசம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சாட்சிகளை விட்டு வாதத்துக்கு வருவோம். முழு நேரத்தையும் கொடுத்தாலொழிய இந்தத் தொழில் பலிக்காது என்பதே அவர்களுடைய பிரதான வாதம். விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு கிடைக்க வேண்டுமானால், 2018-ஆம் வருஷத்திலிருந்து இருந்துவரும் விதிப்படி, ஒரு சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் சேர வேண்டும். கடைசி 12 மாதங்களில் அதன் வீடியோக்கள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் எனப்படும் துணுக்குகளையே நம்புகிறவன் 90 நாட்களுக்குள் ஒரு கோடி வியூஸ் காட்ட வேண்டும். இந்த அளவுகளில் எதுவும் எடுக்கிறவனுடைய நேரத்தை அளப்பதில்லை. அந்த 4,000 மணி நேரமும் பார்க்கிறவர்கள் செலவிட்ட நேரம். அவர்கள் முதல் அரை நிமிஷத்திலேயே விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்களா, கடைசிவரை நிற்கிறார்களா என்பதே காரியம். நிற்பதற்குக் காரணம் சொல்லப்படும் விஷயத்தின் கனமும் சொல்லுகிறவனுடைய தெளிவும் குரலில் உள்ள நம்பகமும்தான். வாரத்துக்கு ஒன்றாக எடுத்து வருகிறவன் இரண்டு வருஷத்தில் நூறு வீடியோவை முடித்திருப்பான். முந்தியதன் குறையைப் பிந்தியதில் திருத்தும் சிரத்தை அவனுக்கு இருந்தால், அந்த நூறு போதும் கை பழக. தினமும் ஒன்று போட்டாக வேண்டும் என்று பகலையும் இரவையும் கொடுப்பவனுக்கு எண்ணிக்கை கூடும். ஆனால் போட்டதைத் திரும்பப் பார்த்து வெட்கப்பட அவகாசம் இராது. இந்த வித்தையில் பாதிப் படிப்பு அந்த வெட்கத்தில் இருக்கிறது.

இதைவிட ஆழமான கேடு ஒன்று உண்டு. சம்பளம் வரும்வரை ஒருவன் தனக்குப் பிடித்ததை, தனக்குத் தெரிந்ததை, தன் வேகத்தில் எடுக்கிறான். தன் ஊர்க் கோயில் பிராகாரத்தில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்த கல்வெட்டைப் படித்துக் காட்ட விரும்புகிறவன், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு முதியவருக்குச் சௌகரியப்படும் ஞாயிற்றுக்கிழமைக்காக மூன்று மாதம் காத்திருக்கலாம். அவன் வேலையை விட்ட மறுமாதம், வாடகைக்கு வீட்டுக்காரர் வந்து நிற்கும் ஐந்தாம் தேதி அந்தக் காத்திருப்புக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. இந்த மாதத்து வாடகைக்கு இந்த மாதமே விற்கிற சரக்கு வேண்டும். கல்வெட்டு மெதுவாக விற்கும். நடிகையின் விவாகரத்து உடனே விற்கும். முதலில் வாரத்துக்கு ஒன்று மட்டும் என்ற சங்கல்பத்தோடு அது உள்ளே வருகிறது; பிறகு வாய் பிளந்த முகமும் சிவப்பு அம்புக்குறியும் போட்ட தம்ப்நெயில் வருகிறது; பிறகு கல்வெட்டு, பண்டிகைக்குப் பண்டிகை வந்து எட்டிப் பார்க்கும் தூரத்து உறவினராகிவிடுகிறது. கலையை வளர்ப்பதற்காக உத்தியோகத்தை விட்டவன், வருமானத்துக்காகக் கலையை விடுகிறான். இது அவனுடைய குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. அவனிடத்தில் யாரை வைத்தாலும் அரிசிப்பானை அதே திசையில்தான் தள்ளும்.

விளம்பரப் பங்கு போதாதென்று புரொமோஷனுக்குப் போகிறவன் கதை இன்னும் பரிதாபகரமானது. தமிழ்ச் சேனல்கள் பலவற்றின் தொடக்கத்தில் சில வருஷங்களாக ரம்மி ஆடச் சொல்லும் குரல் ஒன்று ஒலித்து வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் பொருளிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டிருந்த அதே நாட்களில், அந்த விளம்பரத்தைப் படித்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்களா? பெரும்பாலோர் மாதக் கடைசியை எப்படியாவது கடக்க நினைத்த சாதாரண மனிதர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்து சட்டம் இயற்றியபோது, அந்த வருமானத்தில் ஜீவித்த சேனல்களுக்குப் பெரிய ஊற்றுக்கண் ஒன்று அடைபட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு வீடியோ எடுத்தவனுக்கு அந்த விளம்பரத்தை முதலிலேயே வேண்டாம் என்று சொல்லும் சக்தி இருந்தது. அந்தச் சக்திக்கு என்ன விலை போடலாம் என்று எதிர்க்கட்சியார் ஒருநாளாவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா?

யஜமானனே இல்லாத ஸ்வதந்திர வாழ்வு என்று அவர்கள் வர்ணிப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். விளம்பரத்தில் வரும் பணத்தில் நீளமான வீடியோக்களுக்கு 55 சதவீதம் எடுத்தவனுக்கு, 45 சதவீதம் யூடியூபுக்கு. இந்த விகிதத்தை யாரோடு யார் பேசி முடிவு செய்தார்கள்? அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சண்டையாவது போடலாம், சங்கம் வைக்கலாம், தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே அதிகாரி ஒரு கணித முறை. அல்காரிதம் கோபித்துக்கொண்டது என்று சேனல்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், மழைத் தெய்வத்தைப் பற்றிப் பேசும் குடியானவர்கள் நினைவு வரும். அந்தக் குடியானவனுக்காவது மேகத்தைப் பார்க்க முடியும். 2017-இல், தீவிரவாதிகளின் வீடியோக்களுக்கு அருகே தங்கள் விளம்பரம் வருவதைக் கண்டு பெரிய கம்பெனிகள் யூடியூபிலிருந்து விலகியபோது, எந்தத் தீவிரவாதத்தோடும் சம்பந்தமில்லாத எத்தனையோ பேருடைய வருமானம் சரிந்தது. அதுவரை ஒரு சேனல் மொத்தம் 10,000 வியூஸ் பெற்றிருந்தால் போதும் என்றிருந்த விதியை அடுத்த வருஷமே மாற்றி, மேலே சொன்ன 1,000 சந்தாவையும் 4,000 மணி நேரத்தையும் வைத்தார்கள். சிறிய சேனல்கள் கொத்துக் கொத்தாக வெளியே விழுந்தன. குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியதற்காக அமெரிக்க அரசாங்கத்துக்கும் நியூயார்க் மாகாணத்துக்கும் 17 கோடி டாலர் செலுத்த 2019-இல் கூகுள் ஒப்புக்கொண்டது. அதன் பயனாக 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான வீடியோக்களில் ஆளறிந்து காட்டும் விளம்பரங்கள் நின்றன. வாஷிங்டனில் செய்துகொண்ட சமாதானம், இங்கே பொம்மை வைத்துக் கதை சொன்னவனுடைய வரும்படியைப் பிடித்து இழுத்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 2020 ஜூன் 29-ஆம் தேதி மாலை டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. சிற்றூர்களிலும் நெசவுத் தெருக்களிலும் மீனவக் குப்பங்களிலும் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கு அன்றைய பொழுது விடிந்தபோது இருந்த ரசிகர்கள், அடுத்த பொழுது விடிவதற்குள் இல்லை. தடை சரியா என்பது வேறு விவகாரம். எந்த உத்தியோகத்திலாவது ஒரே இரவில் அந்த உத்தியோகமே உலகத்திலிருந்து மறைந்துபோனதுண்டா?

‘உத்தியோகம் மட்டும் நிலையானதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனியார் வேலை பாறை போன்றது என்று நான் சாதிக்க மாட்டேன். டி.சி.எஸ். கம்பெனியில் வேலை கிடைத்தால் ஜன்மம் கடைத்தேறியது என்று நம்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2025 ஜூலையில் அந்தக் கம்பெனியே தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் இந்த உதாரணத்திலிருந்து எதிர்க்கட்சியார் எடுக்கும் முடிவு விசித்திரமானது. வேலையும் ஆடுகிறது, சேனலும் ஆடுகிறது என்றால், இரண்டையும் வைத்துக்கொள்ளுவதற்கல்லவா அது காரணம்? ஒன்றை நாமே வெட்டிவிட்டு மற்றொன்றின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவதற்கு அது எப்படிக் காரணமாகும்?

இனி, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கற்பனை வறண்டுபோகும், நாற்காலி அவனைக் கொன்றுவிடும் என்ற குற்றச்சாட்டு. இதைக் கேட்கும்போது எனக்கு மற்றவற்றில் வராத கோபம் வருகிறது. ஏனெனில் இதைச் சொல்லுகிறவர்களுக்குச் சென்னைப் பட்டணத்துக் கலைச் சரித்திரம் அடியோடு தெரியாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சபா மேடைகளை நிரப்பிய நாடகங்களை நடத்தியவர்கள் யார்? சாயங்காலம் அலுவலகம் விட்டதும், டிபன் பாக்ஸும் கையுமாக ஒத்திகைக்கு ஓடியவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ‘மேஜர் சந்திரகாந்த்’ எழுதினார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வாசித்தவர். சோ வக்கீல், கம்பெனிகளுக்குச் சட்ட ஆலோசனை சொன்னவர். இவர்களில் யாரும் முதலில் வேலையை விட்டுவிட்டுப் பிறகு கலையைத் தேடிப் போகவில்லை. பாலசந்தர் சினிமாவுக்காக உத்தியோகத்தை விட்டது உண்மை. ஆனால் அதற்குமுன் அவர் நாடகாசிரியராகப் பட்டணம் முழுக்கப் பெயர் எடுத்தாயிற்று, எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதும் அழைப்பும் அவரைத் தேடி வந்தாயிற்று. சினிமா வந்து கையைப் பிடித்து இழுத்தபோது போனார். இழுக்கும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நாற்காலியைக் காலிசெய்துவிட்டுத் தெருவில் நிற்கவில்லை.

எழுத்தாளர்களை எடுத்துக்கொண்டால் பட்டியல் இன்னும் நீளும். லா.ச. ராமாமிருதத்தின் மொழி வங்கிக் குமாஸ்தாவின் மொழி என்று எவராவது சொல்ல முடியுமா? அவர் பஞ்சாப் நேஷனல் வங்கியில் தம் உத்தியோக வாழ்வின் பெரும் பாகத்தைக் கழித்தவர். தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வானொலி உத்தியோகஸ்தர். ‘அம்மா வந்தாள்’ எழுதிய காலத்தில் அவர் சம்பளக்காரர்தான். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே வாரப் பத்திரிகைகள் கேட்ட தொடர்கதைகளுக்கெல்லாம் ஈடு கொடுத்தார். தமிழில் முழுநேர எழுத்தை நம்பி இறங்கியவர் என்று எல்லாரும் எடுத்துக்காட்டும் அசோகமித்திரனைச் சொல்லி என்னை மடக்கலாம். அவர் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டார் என்பதும், அதன்பின் வந்த வருஷங்கள் சுலபமானவையாக இருக்கவில்லை என்பதும் மெய். ஆனால் அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ எங்கிருந்து வந்தது? அந்த நாவலின் தளம், தயாரிப்பு நிர்வாகிகளின் அலைச்சல், பணம் கேட்டு நிற்பவர்களின் முகம் எல்லாம் அவர் விட்டுவந்த சினிமா உலகத்திலிருந்து வந்தவை. வேலை அவருக்குச் சம்பளத்தோடு ஒரு நாவலையும் கொடுத்து அனுப்பியது.

என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீடியோவுக்கு வேண்டிய அருமையான பொருள் காமிராவும் அன்று, எடிட்டிங்கும் அன்று. அவற்றை இன்று எவனும் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறான். அருமையானது விஷயம். அது வேலையில்தான் ஊறுகிறது. மோட்டார் சுருள் கட்டுகிற மெக்கானிக் ஒருவன், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினால், அதைப் பார்க்கும் விவசாயி கடைசி விநாடிவரை அசையமாட்டான். ஏனென்றால் அந்தக் கை நேற்றும் அதைக் கட்டியது, நாளையும் கட்டப்போகிறது. தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் எங்கே தேங்குகிறது, எந்தக் காகிதம் குறைந்தால் விண்ணப்பம் திரும்பும் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் விளக்கினால், அதற்கு ஈடான சரக்கு எந்த ஸ்டுடியோவிலும் தயாராகாது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர், துறைமுகத்துச் சரக்குக் கணக்கர், பஸ் டிப்போவின் டயர்ப் பிரிவுக்காரர் என்று எத்தனை எத்தனை பேரிடம் உலகம் கேட்கக் காத்திருக்கும் விஷயம் இருக்கிறது! அவர்கள் வேலையை விட்ட அன்றிலிருந்து அந்த ஊற்றில் புதுநீர் வராது. பழைய அனுபவம் ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் பிறர் வீடியோக்களுக்குப் பதில் வீடியோ போடுவது, காமிரா வாங்குவது எப்படி என்று சொல்வது, கடைசியில் யூடியூபில் சம்பாதிப்பது எப்படி என்று யூடியூபிலேயே உபதேசிப்பது என்ற வரிசையில் சறுக்கல் நடக்கும். விஷயம் தீர்ந்துபோனவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதன் காரணம் இதுவே.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அது. அந்தக் குடும்பத்தாரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர்களுடைய வெற்றி எந்தக் கட்சிக்குச் சாட்சி? சமையல் அவர்கள் வீட்டுச் சமையல், தாத்தா அவர்கள் தாத்தா, மரத்தடியும் வயலும் அவர்கள் ஊருடையவை. அவர்கள் தங்கள் ஜீவனத்தை விட்டு விலகி வரவில்லை. அதையே காமிராவுக்கு முன் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என்ஜினியர் ஒருவர் உத்தியோகத்தை விட்டு, வாடகைக்குத் தோப்புப் பிடித்து, மண்சட்டி வாங்கி அடுக்கினால் அதற்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள்.

சம்பளத்தோடு போவது சம்பளம் மட்டும் என்று நினைப்பதும் ஒரு பிரமை. சம்பளத்தில் 12 சதவீதம் ஊழியனுடைய சேமநிதிக்குப் போகிறதென்றால், அதே அளவு முதலாளியின் கணக்கிலிருந்தும் வருகிறது. நிரந்தர ஊழியனுக்குக் கிராஜுவிடி கிடைக்க 5 வருஷம் தொடர்ந்த சேவை வேண்டும். நாலே கால் வருஷத்தில் ஆவேசப்பட்டு எழுந்து போகிறவன் வருஷத்துக்குப் 15 நாள் சம்பளம் வீதம் வரவேண்டிய தொகையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறான். 10 வருஷச் சேவை இல்லாமல் சேமநிதித் திட்டத்தின் மாதப் பென்ஷனும் இல்லை. தாய் தந்தையருக்கு இருதய சிகிச்சை என்றால் முன்வந்து நிற்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் அடையாள அட்டை, கடைசி நாளன்று கழுத்திலிருந்து கழற்றும் அடையாள அட்டையோடு சேர்ந்தே போகும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி மானேஜர் சம்பளச் சீட்டைக் கேட்பார். இல்லையென்றால் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்பார். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை அவர் எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்வார்?

தண்ணீரில் குதித்தால்தான் நீச்சல் வரும் என்பது எதிர்க்கட்சியாரின் கடைசி அஸ்திரம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர்கள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித்தான் தள்ளினார்கள். குடுக்கை கட்டிய பிள்ளை தண்ணீரில் இல்லை என்று யாரும் வாதாடியதில்லை.

இரண்டையும் ஒருங்கே நடத்துவது சுகமான வாழ்க்கை என்று சொல்லி யாரையும் நான் ஏமாற்ற விரும்பவில்லை. ஒன்பது மணி நேரம் உழைத்துவிட்டு வந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு எடிட்டிங்கில் உட்காருகிறவனுடைய கண் எரிகிறது. அவன் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இல்லாமல் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளுகிறவர்கள் பலர். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்வது குறைந்தபட்ச மரியாதை. வேலைக்குப் போகும் பெண் சேனலும் நடத்தினால் அவளுக்கு மூன்றாவது உத்தியோகமாக அடுப்பு காத்திருக்கிறது. இரண்டையும் செய் என்று அவளிடம் லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அவள் விஷயத்தில் முதலில் ராஜிநாமா செய்யப்பட வேண்டியது அடுப்பு. சட்டத் தடைகளும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் முன்அனுமதியின்றி வேறு தொழில் செய்வதைத் தடுக்கின்றன; எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிகளுக்கு இடம் கொடுக்கின்றன. மாதாமாதம் வரும் விளம்பரப் பணம் அந்த ‘எப்போதாவது’க்குள் அடங்கும் என்று தானாகவே தீர்மானித்துக்கொள்ளாமல், எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது உத்தமம். தனியார் கம்பெனிகளின் நியமனக் கடிதத்திலும் இப்படி ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும்; வீடியோ போடுமுன் அதை ஒருமுறை எடுத்துப் படிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஒருவருமே வேலையை விடக் கூடாதா என்று கேட்டால், விடலாம் என்பதே என் பதில். ஆனால் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை அதற்கு அத்தாட்சி ஆகாது, ஒரு வீடியோ வைரலானதும் ஆகாது. அலுவலக நேரம் குறுக்கே நிற்பதால் நேர்மையான, பணம் தரும் வேலைகளை ஒவ்வொரு மாதமும் திருப்பி அனுப்ப நேருகிறது. காமிராவுக்கும் எடிட்டிங்குக்கும் வைத்துக்கொண்ட இரண்டு பேருக்குச் சேனல் ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் வாய்த்தவனை உத்தியோகத்தில் பிடித்து வைப்பது அநியாயம். அவனும்கூட ஒரு முழு வருஷக் கணக்கைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். தீபாவளியை ஒட்டி விளம்பரக்காரர்கள் கொட்டும் பணத்தைப் பார்த்து நவம்பரில் ராஜிநாமா கொடுத்தவர்களுக்கு, ஜனவரியில் அதே வியூஸுக்குப் பாதியளவு வருமானம்கூட வராமற்போவதுண்டு. டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்து பார்க்கும் தமிழர்களால் வரும் தொகை நம்மூர்ப் பார்வைகளால் வருவதைவிடக் கனமாக இருக்கும். அதில் எத்தனை பங்கு நிலைக்கும் என்பதும் ஒரு வருஷம் பார்த்தால்தான் விளங்கும். ஜனவரியின் கணக்கு பிப்ரவரி 21 முதல் 26-க்குள்ளும், பிப்ரவரியின் கணக்கு மார்ச்சிலும் வந்து சேரும். அந்த இரண்டு மெலிந்த மாதங்களின் தொகை, புரொமோஷன் பணத்தைச் சேர்க்காமலே, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்த இரண்டு பேர் சம்பளத்துக்கும் போதுமானதாக இருந்தால், ஏப்ரலில் கடிதத்தைக் கொடுக்கலாம். அதுவரை காரியாலயம் மாதாமாதம் பிடித்துக் கட்டிவந்த வருமான வரியை இனி அவனே முன்வரியாகக் கட்ட வேண்டும். முதல் தவணை ஜூன் 15. அதற்கான பணத்தை ஏப்ரலிலேயே தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிட்டானா என்று அவனுடைய மனைவி கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.